வெயில் தண்ணி

லாரி டிரைவரிடம் பிச்சம்மாள் ஒரு பாட்டிலை நீட்டியதைச் சண்முகவடிவு தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள். உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் ராஜதுரை வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் மூச்சே விட்டாள்.

"அண்ணாச்சி, நம்ம வெயில் தண்ணிய பிச்சம்மா மதினி லாரிக்காரனுக்குக் குடுக்கா."

"எதுக்குளா?"

"பேட்டரிக்கு ஊத்துததுக்கு. கடையில டிஸ்டில் வாட்டர்னு இதத்தான விக்கான். பதிலுக்கு அவன் ஒரு குடம் ஆத்துத் தண்ணி இறக்கிட்டுப் போறான். நாலு நாளா பாக்கேன்."

ராஜதுரைக்குச் சுருக்கென்றது.

முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டி இருந்த அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் என்றால் இரண்டு மைல் நடை. எழுபத்தேழில்தான் காலேஜ் வாத்தியார் கிளாட்வின் கண்ணாடிகளோடு வந்தார். அளத்து முதலாளி இடம் கொடுத்தார். சங்கத்து ஆட்கள் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். சிமெண்டுத் தொட்டியில் உப்புத் தண்ணீர், மேலே சாய்வாகக் கண்ணாடி. வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிற தண்ணீர், ஓரத்துக் குழாய் வழியே டிரம்மில் இறங்கும்; அதுதான் வெயில் தண்ணி. வீட்டுக்கு ஒரு குடம், மூன்று நாளைக்கு ஒரு முறை.

கண்ணாடியைத் துடைத்து, முறை வைத்துத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு பிச்சம்மாளுக்கு. அவளை நியமித்தவரே ராஜதுரைதான். அதனால் கோபம் இரண்டு பங்காக வந்தது.

"முறப்பநாட்டுக்காரில்லா. ஆத்துத் தண்ணியில வளந்த உடம்பு. இங்கன வாக்கப்பட்டு வந்து பதினோரு வருசம் ஆச்சு, இன்னும் நாக்கு அடங்கல" என்றாள் சண்முகவடிவு.

அது ஊரறிந்த விஷயம். பிச்சம்மாள் பேச்சை எங்கே தொடங்கினாலும் ஆற்றில் கொண்டுபோய்த்தான் முடிப்பாள். அம்மா போன பிறகு அங்கே அவளை வா என்று கூப்பிட ஆளில்லை. பஸ் ஏறி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

மறுநாள் ராஜதுரையும் சண்முகவடிவும் உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். திருநெல்வேலியில் உப்பு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி வந்து நின்றது. டிரைவர் சுந்தர்சிங், வழியில் முறப்பநாட்டு ஆற்றில் மோந்த குடத்தை இறக்கிவைத்தான். பிச்சம்மாள் பாட்டிலைக் கொடுத்தாள்.

"ஆத்துல தண்ணி எம்புட்டு போகுதுண்ணே?"

"முட்டளவு போகுது தங்கச்சி."

"நாணல் பூத்திருக்கா?"

"அதெல்லாம் யாரு பாத்தா? எறங்கினேன், மோந்தேன், வண்டிய எடுத்தேன்."

"நாளைக்குப் பாத்துட்டு வாங்கண்ணே."

லாரி போய்விட்டது. பிச்சம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றி, மூடியை விலக்கி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"இப்பம் குடிப்பா, பாருங்க" என்று கிசுகிசுத்தாள் சண்முகவடிவு.

குடிக்கவில்லை. மூடியை வைத்துவிட்டு டிரம் இருந்த கொட்டகையைப் பார்த்து நடந்தாள். ராஜதுரைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நில்லு பிச்சம்மா. பச்சப்புள்ளக்காரி முதக்கொண்டு மூணு நாளைக்கு ஒரு குடத்த வச்சிக் காலந்தள்ளுதா. நீ பொதுத் தண்ணியக் குடுத்து, ஒனக்குன்னு ஆத்துத் தண்ணி வாங்குதியோ? நம்பித்தான இந்த வேலையக் குடுத்தேன்?"

பிச்சம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிச் சரிசெய்துகொண்டாள்.

"நாளையில இருந்து இங்கன வர வேண்டாம். சாவியக் குடு."

முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"இந்தக் குடத்த மட்டும் ஊத்திட்டுப் போயிருதேன் அண்ணாச்சி."

டிரம்மின் மூடியைத் திறந்து, ஆற்றுத் தண்ணீர் முழுவதையும் உள்ளே ஊற்றினாள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

ராஜதுரை விழித்தார். "என்ன பண்ணுத?"

"முத வாரம் எல்லாரும் என்ன சொன்னீங்க? சப்புனு இருக்கு, செத்த தண்ணின்னு துணி அலசுனீங்க. யாரும் குடிக்கலன்னா கண்ணாடிய வேற ஊருக்குக் கொண்டு போயிருவோம்னு காலேஜ் சார் சொல்லிட்டாரு. பயந்துபோயி மூணு குடம் ஆத்துத் தண்ணி கலந்தேன். மறுநாளே குடிச்சீங்க."

சண்முகவடிவு தலையைக் குனிந்துகொண்டாள். வெயில் தண்ணி இளநீராட்டம் இருக்கு என்று முத்தையாபுரம் வரைக்கும் சொல்லித் திரிந்தவள் அவள்தான்.

"இத எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?" ராஜதுரையின் குரல் இறங்கிவிட்டது.

"சொன்னா ஆத்துத் தண்ணியே வேணும்பீங்க. ஒத்த லாரி ஊருக்கே கொண்டாருமா? நாக்கு பழகுத வரைக்கும் கலப்போம்னு இருந்தேன். கொஞ்சங் கொஞ்சமாக் கொறச்சி, இப்பம் ஒரு குடத்துல வந்து நிக்கி."

ராஜதுரை சாவியை அவள் கையிலேயே திரும்ப வைத்தார். "எப்படியோ, நீயும் ஒன் ஊருத் தண்ணியக் குடிச்ச மாதிரி ஆச்சு" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டுக் குடத்த, ஆத்துத் தண்ணி கலக்குததுக்கு முன்னயே பிடிச்சிருவேன்."

"அது ஏன்?"

காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பிச்சம்மாள் சொன்னாள்:

"ஒரு வாய் குடிச்சிட்டேன்னா, பெறவு என்னால இங்கன இருக்க முடியாது அண்ணாச்சி."