இரவல் எலிப்பொறி

"எலிப்பொறியா? இன்னிக்குமா?"

சந்திரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பக்கத்து வீட்டு நீலமேகம் வாசலில் நின்றபடி தலையைச் சொறிந்தார்.

"மாட்ட மாட்டேங்குது தங்கச்சி. ராத்திரியெல்லாம் உருட்டுது."

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த செல்லம் சும்மா இருக்கவில்லை.

"மின்துறையில வேலை பாத்து பென்ஷன் வாங்குற மனுஷன். சொந்தமா ஒரு பொறி வாங்கக் கூடாது? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாம்?"

நீலமேகம் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வாங்கிப் போவார், காலையில் திருப்பிக் கொடுப்பார், சாயங்காலம் மறுபடியும் வந்து நிற்பார். கேட்டால், இரவல் பொருள் வீட்டில் தங்கக் கூடாது என்பார்.

சந்திரா கதவுக்குப் பின்னாலிருந்து மரப்பொறியை எடுத்து வைத்தாள்.

"பூனை வந்ததுலேருந்து எங்க வீட்டுல எலியே கெடையாது. இது சும்மாதான் கெடக்கு. இருங்கண்ணே, இரை மாட்டித் தர்றேன்."

அவள் அடுப்படியில் இரை வறுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நீலமேகம் காலையிலேயே நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வருவார்.

"தெரியுமா சந்திரா? ராஜஸ்தான்ல ஒரு கோயில்ல எலிக்குத் தட்டுத் தட்டாப் பால் வைக்கிறாங்க. அது குடிச்ச மிச்சம்தான் பிரசாதம்."

"உவ்வே!"

"சீனாக்காரனுக்கு இது எலி வருஷமாம். இந்த வருஷம் பொறக்குற புள்ள கெட்டிக்காரனா வருவானாம். அட, பிரான்சுல என் மக இருக்குற தெருவுல ஒரு பொண்ணு, எலியத் தோள்ல வச்சுக்கிட்டுக் கடைக்குப் போவுதாம்!"

"அவள இங்க வந்து, முன்னாடி எலி கடிச்சுப் போட்ட எங்க மீன் வலைய ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. தோள்ல வைக்கிறாளா, தொடப்பத்த எடுக்குறாளான்னு தெரியும்."

"பிள்ளையாருக்கு வாகனமாச்சே?"

"அவருக்கென்ன, வலையா இருக்கு கடிக்கிறதுக்கு?"

நீலமேகம் வாய்விட்டுச் சிரித்தார். நாளை சாயங்காலம் வரைக்கும் அந்தச் சிரிப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

வீட்டுக்குள் வந்து பொறியைத் தரையில் வைத்தார். அதை எங்கேயும் பொருத்தவில்லை. எலி இருந்தால்தானே பொருத்துவதற்கு? சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த இரட்டை வீடு. அவருக்கும் சந்திராவுக்கும் நடுவில் ஒரே சுவர். எலி நுழைய ஒரு பொத்தல் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வாள். மற்ற நாட்களில் வாயைத் திறக்க அவருக்கு வேலையே இல்லை.

பொறியின் கம்பியில் குத்தியிருந்த இரையை உருவி, சோற்றுக்குத் தொட்டுக்கொண்டார். ஆரம்பத்தில் கருவாட்டுத் தலைதான் மாட்டித் தந்தாள். இப்போதெல்லாம் வறுத்த கிழங்கான் மீன் முழுசாக வருகிறது. இன்றைக்கு மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கல். புரையேறி, வெகுநேரம் இருமினார்.

மறுநாள் காலையில் பொறியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இரையத் தின்னுட்டுத் தப்பிச்சிடுச்சு தங்கச்சி."

"பலே எலிதான்" என்றாள் சந்திரா.

மத்தியானம் அவள் புருஷன் நடராசன், கடலிலிருந்து வந்த கையோடு காரைக்கால் கடைத்தெருவுக்குப் போய்விட்டு நேராக இவர் வீட்டுக்கு வந்தான். கையில் பளபளவென்று ஒரு பொறி.

"மச்சான், அந்த செல்லம் பேசுன பேச்சு என் காதுக்கு வந்துச்சு. மனசு கேக்கல. இந்தாங்க, புதுசு. இனிமே நீங்க எங்க வீட்டுக்கு அலைய வேணாம்."

நீலமேகம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எதுக்கு மாப்ளே இதெல்லாம்..."

பொறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனுஷன் நெகிழ்ந்து போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு நடராசன் சந்தோஷமாகப் போனான்.

சாயங்காலம் ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. சந்திரா பூனையை வைதுகொண்டிருந்தாள். புதுப் பொறி மேசை மேல் இருந்தது. ஆப்பிரிக்காவில் எலியைப் பழக்கி, மண்ணுக்குள் புதைந்த கண்ணிவெடியை மோப்பம் பிடிக்க வைக்கிறார்களாம். காலையில் படித்துவிட்டு வந்தது. யாரிடம் சொல்வது?

பொறியை உடைத்துவிட்டு, 'உடைஞ்சு போச்சு' என்று போய் நிற்கலாமா என்றுகூடத் தோன்றியது. கையில் எடுத்தார். கொடுத்தவன் முகம் நினைவுக்கு வர, மறுபடி வைத்துவிட்டார். பக்கத்து வீட்டில் விளக்கு வைத்துவிட்டார்கள். இனி இரவல் கேட்டுப் போகவும் கூடாது.

கதவு தட்டப்பட்டது. சந்திரா நின்றிருந்தாள். கையில் மூடிய தட்டு.

"அண்ணே, உங்க பொறியக் கொஞ்சம் குடுங்க. எங்க வீட்டுல எலித் தொல்லை தாங்கல. எங்க பொறியில கம்பி ஒடிஞ்சு போச்சு. காலையில வந்து தந்துடுறேன். நாளைக்கு சாயங்காலமும் வேணும்."

"விளக்கு வச்சாச்சே தங்கச்சி, பொருள் கை மாத்தலாமா?"

"எலிக்கு ஏதுண்ணே நேரம் காலம்?"

"உங்க வீட்டுலதான் பூனை இருக்கே?"

"இருக்கு. அது பாட்டுக்கு இருக்கு." நிலைப்படியில் சாவகாசமாக உட்கார்ந்தாள். "இன்னிக்கு எந்த ஊரு எலிக் கதை?"

தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். திறந்து பார்த்தார். சுடுசோறு. ஓரத்தில் இரண்டு கிழங்கான்.

"பொறி உன் வீட்டுக்குப் போவுது. இரை எதுக்கு இங்க?"

சந்திரா பொறியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னிக்குக் காரம் கொறச்சுத்தான் போட்டேன். நேத்து உங்க வீட்டு எலி ரொம்ப இருமுச்சு."