கைப்பிடி இல்லாத கதவு

படாரென்று சாத்திக்கொண்டது கதவு.

முட்டுக் கொடுத்திருந்த நாற்காலி எப்படியோ நகர்ந்துவிட்டது. கதவின் உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

அவள் அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் புதிது. படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. அடித்தளத்தில் இருக்கும் பழைய ஃபைல் அறைக்கு அவளை அனுப்பும்போதே கணக்குப் பிரிவு அக்கா காதோடு சொல்லியிருந்தாள்.

"அந்த ஆளும் கூட வர்றாரு. கதவைத் திறந்தே வெச்சுக்கோ, என்ன?"

அந்த ஆள் இப்போது இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஃபியூஸ். போன வருடம் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவர். வேலை நேரத்தில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தாராம். கண்ணாடியை உடைத்தாராம். யாரையோ கடித்தே விட்டார் என்றுகூட ஒருத்தர் சத்தியம் செய்தார். கதை ஆளுக்கு ஆள் வளர்ந்திருந்தது. அவர் டீ எடுக்க வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் போனதும் யாராவது ஸ்விட்சை அணைப்பதுபோல் விரலால் காட்டுவார்கள், சிரிப்பு கிளம்பும். சேர்ந்த சில நாட்களிலேயே அவளும் கூடச் சிரிக்கப் பழகியிருந்தாள்.

கைபேசியில் சிக்னல் இல்லை.

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

அவள் கைக்குக் கிடைத்த பஞ்சிங் மெஷினை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

அவர் அதைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு அறையின் அந்தக் கோடிக்கு நடந்து போய், அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்.

"நான் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்மா. நீங்க கதவைத் தட்டுங்க."

தட்டினாள். கை வலிக்க வலிக்கத் தட்டினாள். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் இது யாருக்குக் கேட்கும்?

அப்போதுதான் அது ஆரம்பித்தது.

யாரோ நெஞ்சின்மேல் முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. விரல்கள் மரத்துப்போயின. உதடு மரத்துப்போனது. மூச்சை இழுத்தாள், இழுக்க இழுக்கப் போதவில்லை. இந்தத் தூசிக்குள்ளேயே செத்துப்போகப் போகிறேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று தோன்றியது. கத்தினாள். அது தன் குரல்தான் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பஞ்சிங் மெஷினைக் கதவில் விட்டெறிந்தாள். அலமாரியில் இருந்த ஃபைல்களை இரண்டு கையாலும் வாரி இழுத்துத் தள்ளினாள். மறுபடியும் கத்தினாள்.

அவர் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது, நிதானமாக.

"இது மாரடைப்பு இல்லம்மா. சாகற மாதிரியேதான் இருக்கும். ஆனா சாக மாட்டீங்க. எனக்கு இது நல்லாத் தெரியும்."

அவள் தரையில் சரிந்தாள்.

"மூச்சை இழுக்காதீங்க, வெளிய விடுங்க. கீழ கிடக்கற ஃபைல்ல என்ன எழுதியிருக்கு? சத்தமாப் படிங்க."

எழுத்துகள் நீரில் மிதந்தன. ஜவுளிக்கடை, தீ விபத்து என்று படித்தாள். அடுத்தது என்றார். லாரி, பாலத்தில் மோதல். அடுத்தது. மாவு மில், கூரை சரிவு. அடுத்தது. பசுமாடு, இடி தாக்கி.

"அடப் பாவமே, அது என்னம்மா பண்ணுச்சு?" என்றார் சுவரைப் பார்த்து.

அழுகைக்கு நடுவே சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவளுக்கு வந்தது. அதோடு மூச்சும் வந்தது.

விரல்களுக்கு உயிர் திரும்பும்வரை படித்துக்கொண்டே இருந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. முதலில் வாட்ச்மேன், பின்னால் மேலாளர், அவருக்கும் பின்னால் அக்கா. கலைந்த தலையும் அழுத முகமுமாக அவள். அறை முழுக்க ஃபைல்கள். அவர்களுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அக்கா ஓடி வந்து அவளை எழுப்பி அணைத்துக்கொண்டாள். வாட்ச்மேன் நேரே போய், கோடியில் உட்கார்ந்திருந்தவரின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"மாடிப்படி வரைக்கும் அலறல் கேட்டுது. யாரு என்னன்னே புரியல. என்ன நடந்தது இங்க?" என்றார் மேலாளர்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் சார். கதவு மாட்டிக்கிட்டதும் மறுபடி வந்துடுச்சு. கத்திட்டேன். இதையெல்லாம் தள்ளிவிட்டதும் நான்தான். பாவம், இந்தப் பொண்ணு பயந்துபோச்சு."

சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்து, மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்குத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"திரும்ப வேலைக்குச் சேர்த்தப்பவே சொன்னேனே. இன்னொரு தடவை நடந்தா அவ்வளவுதான்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஒண்ணும் இல்லடி, முடிஞ்சுபோச்சு. வா, மேல போலாம்."

படியேறினால் போதும். மேலே சூடாக டீ இருக்கும். எல்லாரும் அவளைச் சுற்றி நின்று விசாரிப்பார்கள்.

"கத்தினது நான் சார்," என்றாள். "தள்ளிவிட்டதும் நான்தான். எனக்குத்தான் வந்துச்சு. அவர் என் பக்கத்துலகூட வரல."

ஜெனரேட்டர் எப்போது நின்றதோ தெரியவில்லை.

அவள் முதுகில் இருந்த அக்காவின் கை மெல்ல விலகியது.