உள் தையல்

“தோள்ல ஏறவே மாட்டேங்கறது பாய். இன்னிக்குள்ள பிரிச்சு விட்டுக் குடுத்துடுங்கோ” என்று காமாக்ஷி அரக்கு ரவிக்கையை மேஜைமேல் வைத்தாள்.

மயிலாப்பூர் மாட வீதிச் சந்தில் முப்பது வருஷமாக மிஷின் மிதிக்கிறவர் ஷாஹுல் ஹமீது. ரவிக்கை சின்னதாகிவிட்டது என்று வருகிற பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள், ஏதோ அவர்தான் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார் என்பதுபோல. இன்றைக்கு முதல் தடவையாக வந்திருக்கும் இந்த அம்மாவோ சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தலைமுடி கிராப்பு அளவுக்குத்தான் இருந்தது. திருப்பதிக்குக் கொடுத்திருப்பாள் போல.

“என்னம்மா விசேஷம்?”

“இருபத்தஞ்சாவது கல்யாண நாள். நலங்குக்குக் கட்டிண்ட புடவையை வருஷா வருஷம் இதே நாள்ல கட்டிண்டு கபாலி கோயிலுக்குப் போறது வழக்கம். இந்த ரவிக்கைதான் அதுக்கு ஜோடி. வேற போட மனசே வரல.”

பையிலிருந்து புடவையை எடுத்துக் காட்டினாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. முந்தானையில் மங்கலாக ஒரு கறை. “நலங்குல இவர் கைச் சந்தனம் பட்டது. போகவே இல்லை.” கூடவே ஒரு கல் போன மயில் ப்ரூச். “தலை தீபாவளிக்குப் பாண்டி பஜார்ல வாங்கித் தந்தார். கல் அன்னிக்கே விழுந்துடுத்து, மனுஷர் தெருவெல்லாம் தேடினார். இதோ, இந்த வளையலும் அப்போ வாங்கினதுதான். காலைல சோப்பு போட்டுத்தான் ஏத்தினேன்.”

அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

ஸ்வீட் பெட்டியும் கையுமாக அவள் கணவர் பத்ரிநாராயணன் வந்து சேர்ந்தார். “எடுத்துக்கோங்கோ பாய். விஷயம் தெரியுமா? ஒம்போது கிலோ ஏறிட்டா.”

ஷாஹுல் ஹமீதுக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டி எடையை இப்படியா ஒரு மனுஷன் தெருவில் நின்று தண்டோரா போடுவான்? “வயசானா சதை போடத்தான் சார் செய்யும். உங்க தொந்திய நான் ஏதாவது கேட்டேனா?”

பத்ரிநாராயணன் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

ரவிக்கையை உள்பக்கம் திருப்பினார் ஷாஹுல் ஹமீது. பக்கவாட்டில் இரண்டு தையல். வழக்கமானதுதான். பின்னால் உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளட்டும் என்று ஓரமாக இன்னொரு தையல் போட்டு வைப்பது டெய்லர்கள் எல்லாரும் செய்வது. ஓரத் தையல் நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. உள் தையல்தான் கோணல்மாணலாக இருந்தது.

“கல்யாணத்துக்குத் தைச்சவன் யாரும்மா? இப்படிக் கோணிக்கிட்டுப் போயிருக்கான். ஆனா அன்னைக்கு நீங்க ஈர்க்குச்சியா இருந்திருக்கீங்க. ஓரத் தையல் வரைக்கும் விட்டாப் போதுமா?”

“அதுவரைக்கும் வந்திருக்கேனான்னுதான் பார்க்கணும் பாய்.”

பிரித்துக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் போனவள் வெளியே வர நேரமாயிற்று. பத்ரிநாராயணன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வந்தாள். ரவிக்கை அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. கண்தான் கலங்கியிருந்தது.

ஷாஹுல் ஹமீதுக்குப் பாவமாக இருந்தது. “விடுங்கம்மா. கல்யாணத்தப்ப இருந்த உடம்பு யாருக்குத் திரும்பி வருது?”

“எனக்கு வந்துடுத்தே பாய்” என்றாள் காமாக்ஷி. “கல்யாணத்துக்குப் போட்டது இந்த ஓரத் தையல்தான். நீங்க பிரிச்சது, போன வருஷம் எனக்குக் கீமோ நடந்துண்டிருந்தப்போ எம் பொண்ணு அழுதுண்டே போட்டது.”