இன்றைய அனுமதி முடிந்தது

"பட்டப்பகல்ல பிளாக் டிக்கெட்டா? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

தொப்பிக்காரர் போட்ட சத்தத்தில் கவுன்ட்டர் முன்னால் நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. சலவைக்கடை அக்கா மட்டும் திரும்பவில்லை. டிக்கெட்டுகளை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, பைக்குள் திணிப்பதிலேயே மும்முரமாக இருந்தாள்.

தொப்பிக்காரரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கடற்கரையைப் படத்தில் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். கூட்டம் மிதித்து மிதித்துக் குற்றுயிராகக் கிடந்த கடலை அரசாங்கம் வருடக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டு, இப்போதுதான் திறந்திருந்தது. அதுவும் ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குத்தான் அனுமதி.

மூன்று நாளாக வரிசையில் நின்றும் மனிதர் கதவைத் தாண்டவில்லை. சாயங்காலம் ஊருக்கு விமானம். பக்கத்தில் புது மனைவி, "நான் அப்பவே மலைக்குப் போலாம்னு சொன்னேன்" என்று தூபம் போட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட் இலவசம். வீட்டு அட்டையைக் காட்டினால் வீட்டில் எத்தனை தலையோ அத்தனை டிக்கெட். அதுவும் அந்த இருநூறில்தான் கழியும். எந்தப் புண்ணியவான் எழுதிய விதியோ!

அன்றும் கதவு திறக்குமுன்பே முன்வரிசை முழுக்க உள்ளூர்த் தலைகள்தான். கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லர். ஒரு கன்னம் மட்டும் வழித்த வாடிக்கையாளரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்த சலூன்காரர். யார் கையிலும் குளிக்க ஒரு துண்டுகூட இல்லை. வாங்கிய டிக்கெட்டை வாங்கிய சூட்டோடு அக்காவிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

தொப்பிக்காரர் சலூன்காரரை மடக்கினார். "அண்ணே, ரெண்டே ரெண்டு டிக்கெட். என்ன விலை வேணா சொல்லுங்க."

சலூன்காரருக்குச் சபலம் தட்டியது முகத்திலேயே தெரிந்தது. "எல்லாம் அக்காகிட்டதாங்க இருக்கு" என்று நழுவிவிட்டார். அவ்வளவுதான், தொப்பிக்காரர் நேரே அக்காவிடம் போய் நின்றார்.

"ஏம்மா, கடல் என்ன உங்க பாட்டன் சொத்தா? மூட்டை கட்டி வச்சு விக்கிறீங்க?"

"உங்க பாட்டன் வெட்டின நீச்சல் குளமா? இந்தக் கத்து கத்துறீங்க!"

"நாங்க வந்தாத்தான் உங்க ஊர்ல அடுப்பு எரியும். ஞாபகம் இருக்கட்டும்."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "எரிஞ்சுது. வயிறு சேர்ந்து எரிஞ்சுது. இங்க இருந்த அத்தனை லாட்ஜ் போர்வையும் நான்தான் வெளுத்தேன். அந்தச் சோப்புத் தண்ணி எங்க போச்சு தெரியுமா? நேரா கடலுக்கு. லாட்ஜ் கக்கூஸ் தண்ணியும் அதே கடலுக்கு. வந்தவங்க ஒரு முழுக்குப் போட்டுட்டு விமானம் ஏறிட்டாங்க. என் பொண்ணு உடம்பெல்லாம் புண்ணோட கிடந்தா. இப்பதான் தண்ணி தெளிஞ்சிருக்கு. இப்பதான் மீனே கரைப்பக்கம் எட்டிப் பாக்குது!"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? நான் இப்பதானே முதல் தடவையா வர்றேன்!"

"எல்லாரும் முதல் தடவையாத்தான் வந்தாங்க."

வாய்ச்சண்டையில் தோற்ற மனிதன் எங்கே போவான்? கடற்கரை அதிகாரியிடம்தான். தொப்பிக்காரர் கையோடு அவரை அழைத்து வந்துவிட்டார்.

சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போன்ற முகம் அவருக்கு. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோனதற்காகச் சொந்த மச்சானுக்கே அபராதம் போட்டவர். அவர் தலையைப் பார்த்ததும் டெய்லர் தெருமுனைக்கே போய்விட்டார். ஊரையே வெளுக்கும் அக்காவின் முகம் முதல்முறையாக வெளுத்தது. அவர் ஒரு கையெழுத்தில் வீட்டு அட்டைகளை ரத்து செய்துவிட்டால், இத்தனை நாள் பட்ட பாடும் மண்ணோடு போச்சு.

"பையை எடுத்துட்டு உள்ள வா!"

அக்கா அவர் அறைக்குள் போனாள். ஜன்னல் கதவு விரியத் திறந்தே இருந்தது. "என்ன நினைச்சிட்டிருக்கே? கவர்மென்ட் டிக்கெட்னா உனக்குக் கடலை மிட்டாயா? உள்ள தள்ளிடுவேன், ஜாக்கிரதை!" அதிகாரியின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற தொப்பிக்காரருக்கு மூன்று நாள் களைப்பும் பறந்துவிட்டது.

"சூப்பர் சார்! இப்ப எங்க ரெண்டு பேரை மட்டும் உள்ள விட்டுடுங்க."

"விதின்னா விதிதான் சார். இருநூறும் முடிஞ்சுபோச்சு. இந்தம்மாவை நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா ஊர் போய்ச் சேருங்க."

கவுன்ட்டரில் 'இன்றைய அனுமதி முடிந்தது' பலகை தொங்கியது. தொப்பிக்காரர் அரசாங்கத்தையும் கடலையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே டாக்ஸியில் ஏறினார். புது மனைவி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, ஜன்னலைச் சாத்தினார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சார், சத்தியமா ஒரு டிக்கெட்கூட விக்கலை. அட்டையில மட்டும் கை வச்சிடாதீங்க."

அதிகாரி பையைப் பிடுங்கி, டிக்கெட் கட்டுகளை மொத்தமாகக் குப்பைக் கூடையில் கொட்டினார். அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அவர் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நாளைக்கு இன்னும் சீக்கிரம் வாங்கக்கா. இன்னிக்கு வெளியூர்க்காரங்க நாலு பேர் உள்ள போயிட்டாங்க."