ஓட்டையில்லாத ஸ்வெட்டர்

கடல் தாண்டித் தானமாக வந்த துணிப்பொதி ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதற்குள் நசுங்கிக் கிடந்த சிவப்பு ஸ்வெட்டருக்கு ஒரே ஏக்கம்தான்: தன்னை மறுபடி யாராவது போட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியே சரக் சரக்கென்று சத்தம் வந்ததும் அது கேட்டது:

"அண்ணே, அது என்ன சத்தம்?"

பக்கத்தில் கிடந்த முழங்கால் கிழிந்த பேண்ட் சொன்னது: "அரிவாள்மணை. போடுற மாதிரி இருக்கிற துணியையெல்லாம் கிழிச்சுத்தான் நூல் மில்லுக்கு அனுப்புவாங்க. அப்பத்தானே யாரும் எடுத்து விக்க முடியாது? என்னைத் தொடமாட்டாங்க. நான் ஏற்கெனவே கிழிஞ்சவன்."

"எங்கிட்ட ஒரு ஓட்டைகூட இல்லையே அண்ணே."

"அதைச் சத்தமாச் சொல்லித் தொலைக்காதே."

ஸ்வெட்டர் பதறிப்போய், ஒரு ஓட்டையாவது விழட்டும் என்று பொதியைக் கட்டிய கம்பியில் தன் கையை மாட்டி இழுஇழு என்று இழுத்தது. நல்ல கம்பளி. ஓர் இழைகூட அறவில்லை.

அதற்குள் பொதியைப் பிரித்துவிட்டார்கள். ஒரு பெண் ஸ்வெட்டரைத் தூக்கினாள். வாடைக்காற்றில் அவள் விரல்கள் விறைத்திருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"போட்டுக்கோ தாயி, சீக்கிரம் போட்டுக்கோ" என்று ஸ்வெட்டர் கெஞ்சியது.

"ஏம்மா, அங்க என்ன கொஞ்சல்?" என்று மேஸ்திரியின் குரல் வந்தது.

அவள் வெடுக்கென்று கையை இறக்கினாள்.

"ஒண்ணுமில்லண்ணே. நல்ல துணியான்னு பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே அரிவாள்மணையை அருகில் இழுத்தாள்.