பதிவேட்டைத் தேடி வந்தவள்

பாலைவன நகரம் ஒன்றின் ஆவணக் காப்பகத்தில், ஒரு தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர்ப் பதிவேடு இருந்தது. நகரத்தில் தண்ணீர் வற்றியதும் சபையார் எல்லாரும் வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். ஆலயம் பூட்டப்பட்டது; பதிவேடு இங்கே வந்து சேர்ந்தது. சுவரில் வாழ்ந்த பல்லி மட்டும்தான் அதற்குப் பேச்சுத் துணை.

"ரொம்ப தூரம் போயிட்டாங்க. அதான் வர முடியலை," என்று பதிவேடு அடிக்கடி சொல்லும்.

ஒரு நாள் சூசன்னாள் என்ற வயதான பெண் வந்தாள். பதிவேட்டைத் திறந்து தன் பெயரைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. அதே பக்கத்தில் இருந்த மற்றப் பெயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"நகல் எடுத்துத் தரட்டுமாம்மா?" என்று காப்பக ஊழியர் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. யார்கிட்டக் காட்டப் போறேன்? இந்தப் பக்கத்துல நான் ஒருத்திதான் மிச்சம். மத்தவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க."

அவள் போனதும் பல்லி இறங்கி வந்தது. "பாத்தியா, உன்னைத் தேடி ஆள் வந்தாச்சு! சந்தோஷம்தானே?"



"என்கிட்ட அவங்க எல்லாரும் கைக்குழந்தைங்க," என்றது பதிவேடு. "செத்துப்போவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை."