அறுபது அடி மணல்

"நாலு குச்சி. சிவப்பு பிளாஸ்டிக் துண்டு கட்டின நாலு குச்சி. யாரு பிடுங்கினது?"

என் மனைவி கேட்டதும், கடற்கரையில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த ஐம்பது பேரும் தங்கள் கையுறைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் குச்சிகளுக்கு நடுவே, முழங்கை ஆழத்தில், ஆமை முட்டைகள் நூற்றுச் சொச்சம். இட்டு ஐம்பது நாள் ஆகிறது. இன்றோ நாளையோ குஞ்சுகள் வெளியே வரும்.

பலகை வைத்தால் முட்டைத் திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. பார்க்கிறவனுக்குக் குப்பையாகத் தெரியட்டும் என்று அவள்தான் குச்சிகளை அப்படிக் கட்டிவைத்தாள். திருடன் ஏமாந்தான். குப்பை பொறுக்க வந்த கூட்டமும் ஏமாந்துவிட்டது.

யார் அதிக மூட்டை நிரப்புவது என்று குழுவுக்குக் குழு போட்டி வேறு. கரை துடைத்துவைத்த தட்டு மாதிரி கிடந்தது. எந்த இடத்தைப் பார்த்தாலும் பக்கத்து இடம் மாதிரியே இருந்தது. மூட்டைகளோ லாரி ஏறிப் போயாயிற்று.

அந்த நேரம் பார்த்து டிராக்டர் வந்தது. பின்னால் மணல் சலிக்கும் இயந்திரம். நாங்கள் விட்ட மிச்சத்தை அள்ளுவதற்கு. ஏற்பாடு செய்ததும் நாங்களேதான்.

முட்டைக்கு இயந்திரம்கூட வேண்டாம், சக்கரம் ஏறினாலே போதும்.

"கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு?" என்று ஐம்பது பேரையும் பொதுவாகத் திட்டினேன். பல் டாக்டர் ஒருவருக்கு முகம் சுருங்கிப்போனது.

மனைவி மறித்து, கரையையே விட்டுவிடச் சொன்னாள். டிரைவர் இறங்கவே இல்லை.

"அக்கா, முப்பது அடின்னா சுத்திப் போயிடறேன். மொத்தக் கரையையும் விடுன்னா மேஸ்திரி என்னையத் தூக்கிச் சல்லடையில போட்டுருவாரு."

பேரம் எனக்குப் பால்குடி வயதிலேயே ஒட்டிக்கொண்ட வியாதி. முந்நூறு அடியில் ஆரம்பித்தேன். அவன் அலை ஏறுவதைக் காட்டினான். நான் அவன் பெற்ற பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். அவன் சாவியைத் திருகினான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அறுபதில் முடிந்தது. நல்ல பேரம், வேறு நாளாக இருந்தால் காபி வாங்கிக் கொடுத்திருப்பேன்.

"எந்த அறுபது?" என்றான்.

மனைவி நடந்தாள். நின்றாள். திரும்பி நடந்தாள். ஐம்பது நாளும் குச்சிகளைப் பார்த்து நடந்து வந்தவள் அவள். இடத்தைப் பார்த்து அல்ல. கடைசியில் குதிகாலால் ஒரு கோடு கிழித்தாள். அறுபது அடி தள்ளி இன்னொன்று. இரண்டாவது கோடு கோணலாக விழுந்தது.

டிராக்டர் உறுமிக்கொண்டு கோட்டுக்கு வெளியே திரும்பியது.

பத்து எண்ணும் நேரம் சும்மா நின்றேன்.

பிறகு ஓடினேன். கோட்டைத் தாண்டி நாற்பது அடி. சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தேன். பிரேக் போட்ட டிரைவர் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

மனைவி மூச்சிரைக்க வந்தாள். என் எதிரே மணலை மெல்ல விலக்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். ஒரு கணம் அப்படியே இருந்தாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு மணலை மூடினாள். அவள் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது.

"இங்கதான்!" என்று கத்தினாள். கூட்டம் கை தட்டியது. பல் டாக்டர்தான் ஓங்கித் தட்டினார்.

எப்படித் தெரியும் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல இரண்டு பொய் தயாராக வைத்திருந்தேன். அதில் ஒன்று நல்ல ரகம்.

யாரோ நான்கு குச்சிகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் குச்சியை என் முழங்காலை ஒட்டி ஊன்றினாள். ஊன்றிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இதையாவது பிடுங்காம விடுங்க."